தரையில் பூப்பவை மட்டும்

அடி அண்ணாமலை
18 பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். போகும்போது நீ ‘எழுது’ என்றும் சொல்லவில்லை, ‘எழுதாதே’ என்றும் சொல்லவில்லை. ஒரு மாதமாக அதில் எதை எடுத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசிரமத்தில் கடிதம் வந்தால் உன்னைத் தப்பாக நினைப்பார்களோ, உன் படிப்புக்குத் தொந்தரவோ என்று பயம். உன் அம்மாவிடம் விலாசம் கேட்கவே நான்கு நாளாயிற்று. மூன்று முறை அவர் ‘ஹலோ’ என்றதும் வைத்துவிட்டேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

போன் இருந்தால் ‘சாப்டியா’ என்று அனுப்பிவிட்டு இருந்திருப்பேன். நீ போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். நானோ பேனா பிடித்து நாளாகிறது. வேங்கிக்கால் ஆபீசில் காலையிலிருந்து சாயங்காலம் வரை யாருடைய மனு எண்ணையோ கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புகிறேன். ஒப்பந்த வேலை. அடுத்த வருஷம் நாற்காலி இருக்குமா என்று தெரியாது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்பதால் அப்பாவுக்கு அதுவே கலெக்டர் உத்தியோகம்.

இன்று மாசியின் முதல் ஞாயிறு. நம் பூப் பட்டியல் நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் மலையடிவாரம் போனேன். தரையில் பூப்பவை மட்டும் என்று எம்.எஸ்சி. முதல் வருஷமே நாம் முடிவு செய்தோம் இல்லையா. மரம் எங்கிருந்தாவது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், தரையில் இருப்பவைதான் வருஷத்தை உள்ளபடி சொல்லும் என்றாய். முதல் வசந்தம் முப்பத்தொன்று. போன வசந்தம் இருபத்தாறு. இன்று எருக்கும் கண்டங்கத்திரியும்தான். அவை எந்த வருஷமும் இருப்பவை, நாம் எழுதுவதில்லை. கார்த்திகையில் மழை ஏமாற்றியதை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். அதற்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. மண்ணைக் காலால் தள்ளினால் மாவு போலப் பறக்கிறது.

அம்மா பின்னாலிருந்து கத்தினாள். “ஏரியிலியே தண்ணியக் காணோம், இவ பூவைத் தேடிக்கினு போறா. எம்எஸ்சி படிச்ச பொண்ணு மலையடியில குனிஞ்சிக்கினே நடந்தா, பாக்கறவங்க என்னாத்தையோ தொலைச்சிட்டானு நெனச்சிக்கப் போறாங்க.”

நான் குனிந்துகொண்டேதான் நடந்தேன்.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் பார்த்து, இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் பூ பட்டியலில் சேரும் என்பது உன் சட்டம். இந்த வசந்தம் நான் ஒருத்திதான். தொடரலாமா, நிறுத்திவிடட்டுமா? யாரும் நம்மிடம் கேட்காத பட்டியல்தான். இருந்தாலும் மூன்று வருஷம் என்று சொல்லியிருந்தோம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்
அபிநயா


ஆசிரமம்
27 பிப்ரவரி

அன்பு அபிக்கு,

ஏண்டி, எழுதுவதற்கு மன்னிப்பா? இங்கே மன்னிப்புக் கேட்பதுதான் எங்களுக்கு முழுநேர வேலை. காலையில் எழுந்ததும் நேற்று தெரியாமல் மிதித்த எறும்பிலிருந்து ஆரம்பிக்கிறோம். நீயும் வரிசையில் நில்.

உன் கடிதம் ஐந்து நாளில் வந்துவிட்டது. கடிதத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. எங்களை வழிநடத்தும் சமணத் துறவியை எல்லோரும் மாதாஜி என்கிறோம். ‘யார் எழுதியது’ என்று அவர் கேட்டார். ‘என்னோடு பூ பார்க்க வருபவள்’ என்றேன். ‘பார்க்க மட்டுமா, பறிக்கவுமா’ என்றார். கல்லூரியில் செடியை வேரோடு பிடுங்கி அட்டையில் ஒட்டிக் கொடுக்கச் சொன்னபோது, எனக்கும் சேர்த்து நீயே பிடுங்கிக் கொடுத்த கதையைச் சொன்னேன். அந்தப் பாவமெல்லாம் உன் கணக்கில்தான் இருக்கிறது, ஜாக்கிரதை.

பட்டியலை நிறுத்தாதே. நீ பார்த்தால் நான் பார்த்த மாதிரிதான். பக்கத்தை எழுதி அனுப்பு, என் கையெழுத்தைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். முதல் வருஷம் இலையை மட்டும் பார்த்துவிட்டுப் பூ என்று எழுதியவளுக்கு இவ்வளவு சலுகை தருகிறேன். அன்றைக்கு நீ முழித்த முழியிலேயே தெரிந்துவிட்டது, பொய் உனக்கு வராது என்று.

வெள்ளைப் புடவை பழகிவிட்டது. பாடம் நிறைய. மனப்பாடம் செய்வதில் நான்தான் கடைசி.

ஒரு செய்தி. இங்கே ஒரு வருஷமாவது இருந்து பார்ப்பேன் என்று உன்னிடம் சொன்னேன். நான் தயாராகத்தான் இருக்கிறேன் என்று மாதாஜி சொல்லிவிட்டார். அட்சய திருதியை அன்று எனக்குத் தீட்சை. அப்பாவும் அம்மாவும் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றோடு இந்தப் பெயர் போய்விடும். கடிதம், ஊர், வீடு எல்லாம் போய்விடும். ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்போம். எனக்குப் பயமாக இல்லை அபி. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்
ஸ்வேதா


அடி அண்ணாமலை
11 மார்ச், திங்கள்

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அட்சய திருதியை காலண்டரில் பார்த்தேன். மே பத்து, வெள்ளிக்கிழமை. எங்கள் ஆபீசுக்கு அன்று விடுமுறை இல்லை.

நேற்று ஜவ்வாது மலைக்குப் போனேன். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் நீதான் எப்போதும் டிக்கெட் வாங்குவாய். நான் கேட்டது கண்டக்டர் காதில் விழவில்லை. மூன்றாம் முறைதான் திரும்பினார்.

“எங்க போற? சொந்தக்காரங்க வூட்டுக்கா?”

“இல்லண்ணா. பூ பாக்க.”

“பூவா? பூ மார்க்கெட்டு டவுனுக்குள்ள இருக்குதும்மா. நீ தப்பான பஸ் ஏறிட்ட.”

பஸ்ஸே சிரித்தது. நீ இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி அவரையும் சிரிக்க வைத்திருப்பாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை ஏறும்வரை எல்லாம் சாம்பல் நிறம். வளைவுகளில் குரங்குகள் கையேந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அருவிக்குப் போகும் வழியில் புளி உலுக்கிக்கொண்டிருந்த காசியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன வருஷம் நமக்குத் தேன் கொடுத்தவர். நீ தேன் சாப்பிடமாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டாரே, அவர்தான்.

“அந்த வாயாடிப் பொண்ணு எங்க?” என்றார்.

“படிக்கப் போயிருக்கா.”

“இன்னுமா படிப்பு? சரி, நீ என்னாத்துக்குத் தனியா ஏறி வந்த? தேனீயே கீழ எறங்கிப் போயிடுச்சி. புளியங்காயில சதையே இல்ல, பாரு.” ஒன்றை உடைத்துக் காட்டினார். ஓடும் கொட்டையும்தான் இருந்தன.

அருவியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் விழும் இடத்தில் ஒரு கறை இருந்தது. நாம் உட்காரும் பாறையில் உட்கார முடியவில்லை, சுட்டது.

பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஐந்து. விஷ்ணுகிராந்தி, ஓரிதழ் தாமரை, கொட்டைக்கரந்தை, தும்பை, நிலவாகை. எல்லாம் ஓடைக்குள் நிழலில் இருந்தன. விஷ்ணுகிராந்தி நல்ல நீலம். கையெழுத்துப் போட்டு அனுப்பு. இன்னும் வரும் என்று நினைக்கிறேன். பங்குனியில் ஒரு மழை பெய்தால் எல்லாமே வரும். நீ பார்க்காத வசந்தமாக இருக்கும்.

உன்
அபிநயா


ஆசிரமம்
22 மார்ச்

அபி,

ஐந்து! கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனா மை இறங்கவில்லை, உதறியதில் தும்பையின் மேல் ஒரு பொட்டு விழுந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நான்கு முறை படித்தேன். ஓடைக்குள் நிழலில் என்று எழுதியிருக்கிறாயே, அது இடது பக்கம் பெரிய பாறைக்கு அடியில்தானே? போன வருஷம் உன் செருப்பு அறுந்த இடம். எனக்கு அப்படியே தெரிகிறது. அவ்வளவு வறட்சியிலும் ஐந்து. பாடம் முடிந்ததும் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மொத்தம் பன்னிரண்டு பேர். ஓரிதழ் தாமரை எப்படி இருக்கும் என்று குஜராத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்டாள். ஒற்றை இதழ், மற்றவை இருப்பதே தெரியாது என்றேன். ‘சாட்சி யார்’ என்று மாதாஜி கேட்டார். ‘நானும் அவளும்’ என்றேன்.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. உன்னிடம்தானே. அன்றிலிருந்து மூன்று நாள் பாடத்தில் மனம் நிற்கவில்லை. ஏழு மணி பஸ், உன் அம்மா எனக்கென்று வெங்காயம் போடாமல் தனியாகக் கட்டிக் கொடுக்கும் புளிசாதம், நீ குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு பூவைப் பார்ப்பது எல்லாம் வருகிறது. தீட்சையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒரு முறை நினைத்தேன். ஒரே ஒரு முறை. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பக்கத்தைச் சீக்கிரம் அனுப்பு.

ஸ்வேதா


அடி அண்ணாமலை
1 ஏப்ரல், திங்கள்

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

இன்று ஏப்ரல் ஒன்று. இதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாதே.

நேற்று உங்கள் ஊருக்குப் போனேன். போளூரில் இறங்கி மினி பஸ். உங்கள் தெருவில் எல்லோரும் உங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று குடும்பம் வந்து உன் அப்பா காலில் விழுந்தது. இப்படி ஒரு பெண்ணைப் பெற்றதற்கு. அவர் ஒவ்வொரு முறையும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

“நானும் கையெழுத்துப் போட்டேன் அபி. போடமாட்டேன்னு எப்படிச் சொல்றது? இது எங்க பெரியவங்க கும்பிட்ட வழி. போடமாட்டேன்னு சொன்னா நான் யாரு? ஆனா ராத்திரி சாதம் வடிக்கறப்ப அவளுக்கும் சேர்த்துப் போட்டுடறேன்.”

“அம்மா…”

“அவ ரெண்டு பேரு சொன்னா கேப்பா. ஒண்ணு நீ. இன்னொண்ணு யாருனு எனக்கே தெரியல. நீ எழுதேன். போவாதேனு ஒரு வார்த்தை. நான் கேட்டேன்னு எழுதிடாத.”

எழுதிவிட்டேன், பார். அவரிடம் ‘சரிங்க’ என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் அதற்கு முன்னால் வேறொன்று நிற்கிறது.

ஐந்து பூவில் ஒன்றுகூட இல்லை.

ஓடைக்குள் நிழலே இல்லை. மேலே இருந்த மரத்தின் இலையெல்லாம் கொட்டிவிட்டது. நான் பார்த்தது காய்ந்த குச்சிகளும் ஒரு பாம்புச் சட்டையும். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நிழற்குடையில் உட்கார்ந்து பழைய பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஐந்து என்றால் நம்புவாய், பத்து என்றால் சந்தேகப்படுவாய் என்று கணக்குப் போட்டேன். பொய் எனக்கு வராது என்று எழுதியிருந்தாய். முகத்தைப் பார்த்தால்தான் வராது போலிருக்கிறது. காகிதத்தில் நன்றாகவே வந்தது.

உன் 22-ஆம் தேதிக் கடிதம் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் என்னை வெறுத்துவிடுவாய். ‘தள்ளி வைக்கலாமா’ என்ற வரியை ஆபீசில் வைத்துப் படித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நான்கு நாள் இருந்தேன். அப்புறம் யோசித்தேன். அந்த ஐந்து பூவுக்காக நீ நிஜமாகவே வந்து இறங்கினால் நான் உன்னை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

நீ பன்னிரண்டு பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். சாட்சி என்று சொல்லியிருக்கிறாய். உண்மை தவறாமல் இருக்க விரதம் எடுக்கப் போகிறவளை நான் பொய்ச் சாட்சி ஆக்கிவிட்டேன். வேறு யாருக்கும் செய்ய முடியாத கெடுதல் இது. உனக்குப் போய்ச் செய்தேன்.

உன் அம்மா சொன்ன வார்த்தையை எழுத இப்போது எனக்கு வாயில்லை.

அபிநயா


ஆசிரமம்
10 ஏப்ரல்

அன்புள்ள அபிநயாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றே மாதாஜியிடம் சொன்னேன். பன்னிரண்டு பேர் முன்னிலையிலும் சொன்னேன். இரண்டு நாள் உபவாசம். முடிந்துவிட்டது, உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மாதாஜி உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: ‘கண்ணால் பார்க்காததற்கு ஏன் கையெழுத்துப் போட்டாய்?’ அவள் மேல் உள்ள பற்றினால் என்றேன். ‘அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரிகிறது’ என்றார்.

இரண்டு நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பொய் சின்னது. வீட்டையும் ஊரையும் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு நோட்டுப் பக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் பெரியது. நீ சொல்லியிருக்காவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது. தள்ளி வைக்கும் எண்ணமும் அதிலிருந்துதான் வந்தது. இப்போது இல்லை. அதற்காக உனக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

நான் எழுதி வைத்துக்கொண்ட நகலில் என் பெயரை அடித்து இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் இருப்பதிலும் அடித்துவிடு. இனி எதற்கும் நான் கையெழுத்துப் போட முடியாது.

தீட்சைக்கு முன்னால், தெரிந்தும் தெரியாமலும் நோகச் செய்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். நெருங்கியவர்களிடம் சம்மதமும் கேட்க வேண்டும். அன்றைக்குச் சபையில் நின்று எல்லோரையும் கேட்பேன், எல்லோரும் சேர்ந்து சம்மதம் சொல்வார்கள். நீ வரமுடியுமோ முடியாதோ. அதனால் இப்போதே கேட்கிறேன். உன்னைப் பேசவிடாமல் நானே பேசியதற்கு, உன் அம்மாவுக்கு இரண்டு பாத்திரம் வேலை வைத்ததற்கு, உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு என்னை மன்னித்துவிடு. எனக்கு விடை கொடு. சம்மதம் என்று ஒரு வரி போதும்.

அம்மா கேட்டதை நான் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்வேதா


அடி அண்ணாமலை
24 ஏப்ரல், புதன்

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

உன் கடிதம் தேர்தல் வேலைக்கு நடுவில் வந்தது. பையிலேயே வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன். பக்கத்தில் உன் பெயரை அடித்துவிட்டேன். என் பெயரையும் அடித்தேன்.

இனி எழுதுவது எல்லாம் உள்ளது உள்ளபடி. சித்திரை முதல் நாள் சாத்தனூர் அணைப் பக்கம் போனேன், ஒன்றும் இல்லை. போன ஞாயிறு பர்வதமலை அடிவாரம், அங்கும் இல்லை. தர்ப்பைகூட வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அப்பா கிணற்றில் இறங்கித் தூர் எடுத்தார். மேலே வந்து, “கல்லு கூட வேர்க்கல” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கொட்டகையில் போட்டார். அதற்குப் பிறகு வயல் பக்கம் போகவில்லை. காலையில் எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார், நான் ஆபீசிலிருந்து திரும்பும்போதும் அங்கேயே இருக்கிறார்.

நேற்று சித்ரா பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்களுக்கு அம்மா பாதையோரம் மோர் விற்றாள். நான் டம்ளர் கழுவிக் கொடுத்தேன். அவ்வளவு கூட்டத்தில் வெள்ளைப் புடவை கட்டிய யாரைப் பார்த்தாலும் கை நின்றுவிட்டது. “தூங்கறியா? தண்ணி கம்மியா ஊத்து” என்று அம்மா இடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “அந்தப் பொண்ணு கடுதாசி போட்டுச்சா?” என்றாள். “போட்டா” என்றேன். “அது வந்தா சொல்லு, தனியா ஆக்கணும்” என்றாள். தீட்சை பற்றி அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் தங்கை த்ரிசலா தீட்சை அழைப்புப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாள். உன் படம் போட்டிருக்கிறது. எட்டாம் தேதி விடியற்காலை ஊரிலிருந்து வேன் கிளம்புகிறதாம், எனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்களாம்.

நீ கேட்ட வரியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். எழுதாமல் இருக்கமாட்டேன். இதற்கு ஒரு பதில் மட்டும் போடு. பூவைப் பற்றி இல்லை, எதைப் பற்றி வேண்டுமானாலும்.

அபிநயா


அடி அண்ணாமலை
9 மே, வியாழன் மாலை

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

பதினைந்து நாளாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மாவை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன். பதில் இல்லை. கோபமில்லை. எழுதியிருந்தால் அது நீ விட வேண்டிய இன்னொன்றாக ஆகியிருக்கும், தெரிகிறது.

நேற்று விடியற்காலை வேன் போய்விட்டது. நான் போகவில்லை. ஆபீசில் லீவு இல்லை என்று த்ரிசலாவிடம் சொன்னேன். மறுபடியும் ஒரு பொய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வராததற்குக் காரணம் இதுதான்: நீ சபையில் நின்று கேட்பாய், எல்லோரும் சம்மதம் என்பார்கள். அத்தனை குரலில் என் வாய் மூடியிருப்பது யாருக்கும் தெரியாது. ஆனால் நீ என்னைப் பார்ப்பாய். காகிதத்தில் வந்த பொய் உன் முகத்துக்கு முன்னால் வராது. ஒருவேளை வேறு எதையாவது கத்திவிடுவேனோ என்றும் பயமாக இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கக் குரல் இல்லாதவளுக்கு அங்கே குரல் வந்துவிட்டால் என்ன செய்வது? உன் அப்பா எத்தனை அடி பின்னால் நகர்வார்?

கிளம்பும் முன் உன் அம்மா போன் செய்தார். “எழுதினியா அபி?” என்றார். “எழுதினேம்மா” என்றேன். “என்னா சொன்னா?” என்றார். பின்னால் வேன் ஹாரன் கேட்டது. “சரிடா, அடுப்ப அணைச்சனானு பாக்கணும்” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கேயே, எங்கள் மலைக்குப் பின்பக்கம் போயிருந்தேன். இதை நீ நம்ப வேண்டியதில்லை, நான் சொல்வதற்கு இனி யாரும் சாட்சி இல்லை. நரிவெங்காயம் ஒன்று பூத்திருந்தது. இலை இல்லை, சுற்றிலும் புல் இல்லை. வெடித்த மண்ணிலிருந்து ஒரு தண்டு மட்டும் முழங்கை உயரத்துக்கு நின்றது, நிறைய மொட்டோடு. பகலில் அதைப் பார்த்தால் காய்ந்த குச்சி என்றுதான் நினைப்போம். இரண்டு வசந்தமும் அதன் பக்கத்திலேயே நடந்திருப்போம். பொழுது சாய்ந்த பிறகுதான் அது விரியும் என்று புத்தகத்தில் படித்தோம். பொழுது சாய்வதற்குள் நீ சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் நாம் எப்போதும் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். இந்த முறை எனக்கு எந்த அவசரமும் இல்லை, உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் குறையக் குறைய மொட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அழகு என்று சொல்ல முடியாது. பழுப்பும் பச்சையும் கலந்த வெள்ளை, தலை குனிந்த பூ. உங்கள் சமையலறைக்குள் நுழையக் கூடாத குடும்பம் வேறு. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

அது எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். மூன்று மாதமாக ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று அலைந்தேன். கிடைத்தபோது, திரும்பிப் பார்த்து ‘ஏய், இங்க வாடி’ என்று சொல்ல ஆள் இல்லை. பூவுக்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம் என்று நான் நினைத்திருந்தேன். நோட்டில் அதை எழுதவில்லை. தொடவும் இல்லை. இருட்டுவதற்குள் வந்துவிட்டேன்.

நீ கேட்ட வரியை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். ‘சம்மதம்’ என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். மன்னிப்பைப் பொறுத்தவரை, உன்னை மன்னிக்க எனக்கு ஒன்றும் இல்லை. நீ என்னை நோகச் செய்ததே கிடையாது. நீ போவது ஒன்றுதான் நோகிறது. அதை எப்படி மன்னிப்பது என்று தெரிந்தவர்கள் யாரும் எங்கள் வீட்டில் இல்லை.

கடிதம் உன்னிடம் வந்து சேர ஐந்து நாளாகிறது. இதில் பாதியை எப்போதோ எழுதி வைத்துவிட்டேன். போன வாரம் போட்டிருந்தால் உன் கையில் கிடைத்திருக்கும். நீ படித்திருப்பாய். ஒருவேளை மறுபடியும் ஒரே ஒரு முறை நினைத்திருப்பாய், அதற்காக இன்னும் இரண்டு நாள் பட்டினி கிடந்திருப்பாய். அதனால் இதை வைத்திருந்து இன்று திரும்ப எழுதினேன். மாலைத் தபால் எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது போய்ப் பெட்டியில் போட்டால் நாளைக் காலை வரை அதற்குள்ளேயே கிடக்கும். நாளைக் காலையில் அங்கே சபை கூடிவிடும். இது வந்து சேரும்போது அந்த விலாசத்தில் இந்தப் பெயரில் யாரும் இருக்கமாட்டார்கள். பிரிக்காமல் எனக்கே திருப்பி அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன். அனுப்புநர் முகவரியைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

அது தெரிந்த பிறகுதான் எனக்குக் கேட்க வருகிறது. உன் அம்மாவுக்காக இல்லை, எனக்காக.

போகாதே, ஸ்வேதா.

உன்
அபி